பின்கட்டுச் சாவி

“பையைத் திறம்மா.”

சொன்னவர் துப்பறிவாளர் ஆறுமுகநயினார். சொன்ன இடம் கரமனை அக்ரஹாரத்துப் பஜனை மடத்தின் வாசல். தெரு முழுக்கக் காபி குடித்து முடித்துவிட்டு வேடிக்கைக்கு ஆள் சேர்ந்திருந்த காலை.

மாடம்மாள் திறந்தாள். அந்தத் தெருவில் சில வீடுகளில் பாத்திரம் தேய்த்துத் துணி துவைப்பவள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். தூக்குவாளி, சீப்பு, மடக்குக்குடை என்று ஒவ்வொன்றாக எடுத்து மடத்துப் படியில் வைத்தாள். அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருந்தது. அதை மட்டும் எடுக்காமல் கையால் மூடிக்கொண்டாள்.

“அதையும் எடு.”

“அதுல ஒண்ணும் இல்ல அய்யா.”

ஒன்றும் இல்லாததை எதற்கு மூட வேண்டும்? நயினார் கையை நீட்டினார். கவருக்குள் துணிகள்தான் இருந்தன. பழைய பருத்திச் சேலையைக் கிழித்து, நீளவாக்கில் மூன்றாக மடித்து, ஓரத்தில் கையால் ஓட்டத் தையல் போட்ட துணிகள். ஒவ்வொன்றாக உதறினார். எதுவும் விழவில்லை. கூட்டத்தில் ஓர் ஆண் சிரித்தான். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஏன் திருப்பிக்கொள்கிறார்கள் என்று நயினார் யோசிக்கவில்லை. அவர் தேடியது தங்கம். துணிகளைப் படியில் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

மாடம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காணாமல் போனது ராதையின் திருமாங்கல்யம். மறுநாள் மடத்தில் ராதைக்கும் கிருஷ்ணனுக்கும் ராதா கல்யாணம். அந்தத் தெருவில் ராதைக்குப் பிறந்த வீடு என்று ஒன்று உண்டு. அது கௌசல்யாவின் வீடு. முதல் நாள் மாலை கௌசல்யா குளித்து, மடிப்புடவை உடுத்தி மடத்துக்கு வருவாள். திருமாங்கல்யத்தை அவள் கையில் கொடுப்பார்கள். வழியில் அதைக் கீழே வைக்கக் கூடாது. வீட்டுக்கு வீடு வாசலில் நின்று ஆரத்தி வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு அதைத் தன் பூஜை அறையில் வைத்து, மஞ்சள் சரட்டில் கோத்து, மறுநாள் சீர்த்தட்டோடு கொண்டுவர வேண்டும். நேற்று மாலை எல்லாம் அப்படியே நடந்தது. இன்று காலை பூஜை அறையில் திருமாங்கல்யம் இல்லை. நேற்று அவள் வீடு திரும்பியபோது அங்கே இருந்தவள் மாடம்மாள் ஒருத்திதான்.

மடத்துச் செயலாளர் சுந்தரராமன்தான் நயினாரை வரவழைத்தவர். அவர் ஒரு கெடு வைத்திருந்தார். விளக்கு வைப்பதற்குள் கிடைக்காவிட்டால் போலீஸ். அதுவரை மாடம்மாள் மடத்துப் படியைவிட்டு நகரக் கூடாது. பையும் அவர் பொறுப்பில் இருக்கும். போலீஸ் அழைத்துப்போன வேலைக்காரியைப் போலீசே நல்லவள் என்று திருப்பி அனுப்பினாலும் எந்தத் தெருவும் திரும்ப எடுக்காது. அது படியில் உட்கார்ந்திருந்தவளுக்கும் தெரியும், நின்றிருந்தவர்களுக்கும் தெரியும்.

“சாமி, அரெஸ்ட் பண்றதுக்கு உங்களுக்கு யூனிபார்ம் எப்ப குடுத்தாங்க?” என்று சுந்தரராமனைக் கேட்டாள் ஜெபமலர்.

ஜெபமலர் நயினாரின் உதவியாளர். கால் சென்டரில் ராத்திரி ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தவள். முகம் தெரியாத வெள்ளைக்காரனிடம் திட்டு வாங்குவதைவிட முகம் தெரிந்த அண்ணாச்சியிடம் வாங்கலாம் என்று ஓடி வந்துவிட்டாள். சுந்தரராமன் பையையும் சாமான்களையும் வாரிக்கொண்டு மடத்துக்குள் போனார். நயினார் படியைத் தாண்டிக் கௌசல்யாவின் வீட்டுக்கு நடந்தார்.

கௌசல்யா அரசு அலுவலகத்தில் கணக்கு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் இல்லை என்றாலும், ராதையின் தாய் என்ற உரிமையைத் தெரு அவளிடமிருந்து எடுக்கவில்லை. ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் ஸ்ரீலக்ஷ்மி கூட இருக்கிறாள். கூடத்தில் நல்ல சோபா இருந்தும், பின்கட்டுக்குப் போகும் வழியில் ஒரு மர நாற்காலியைப் போட்டு அதன் நுனியில் உட்கார்ந்திருந்தாள் கௌசல்யா. கருநீலத்தில் பெரிய பூப்போட்ட புடவை. வாயில் எதையோ அடக்கிக்கொண்டிருந்தாள். மடியில் நெல்லிக்காய் வற்றல் டப்பா.

நயினார் தன் விசிட்டிங் கார்டை நீட்டினார். புதுக் கண்ணாடி போட்டிருந்தவள் அதைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள், அருகே கொண்டுவந்து பார்த்தாள், கடைசியில் படிக்காமல் வைத்துவிட்டாள்.

“பூஜை அறையில வெச்சேன். நமஸ்காரம் பண்ணினேன். விளக்கை ஏத்தினேன்” என்றாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. சொல்லி முடித்ததும் மகளைப் பார்த்து மெல்லக் கேட்டாள். “நேத்திக்குத்தானேடி?”

ஸ்ரீலக்ஷ்மி எல்லோருக்கும் காபி கொண்டுவந்தாள். கௌசல்யா வேண்டாம் என்றாள். தண்ணீரும் வேண்டாம். இன்னொரு வற்றலை வாயில் போட்டுக்கொண்டாள்.

நயினாரை மாடிப்படிக்கு அழைத்துப்போய் ஸ்ரீலக்ஷ்மி தாழ்ந்த குரலில் கொட்டினாள். சில மாதங்களாக அம்மா சரியில்லை. அடுப்பை அணைக்க மறக்கிறாள். கேட்டதையே கேட்கிறாள். ஊர்க் கணக்கெல்லாம் பார்த்தவளுக்கு இப்போது பால் கணக்கு வரவில்லை. மெமரி கிளினிக்கில் ஒரு தடவை காட்டியாயிற்று, அடுத்த வாரம் ஸ்கேன். தெருவில் யாருக்கும் தெரியாது. அம்மாவின் மறதியை மாடம்மாள் பயன்படுத்திக்கொண்டாள், அவ்வளவுதான்.

“கிளினிக்ல வேற என்ன மாத்திரை சாப்பிடறாங்கன்னு கேட்டிருப்பாங்களே?”

“கேட்டா. ஒண்ணும் இல்லேன்னு அம்மாவே சொன்னா.”

வீட்டை ஏற்கெனவே தலைகீழாகப் புரட்டியிருந்தார்கள். பாக்கி இருந்தது கழிப்பறையும் சேர்ந்த பின்கட்டுக் குளியலறை மட்டும். அது பூட்டியிருந்தது. சாவி கௌசல்யாவின் இடுப்பில் இருந்தது. நயினார் கேட்டதும் அவள் கை சாவியின் மேல் போயிற்று.

“அது என் மடிக் குளியலறை. யாரும் வரப்படாது.”

அந்த வீட்டில் அன்று முதன்முதலாகத் தடுமாறாமல் வந்த வாக்கியம் அது. முன்பெல்லாம் மாடம்மாள்தான் அதைக் கழுவுவாள், இப்போது அம்மாவே கழுவிக்கொள்கிறாள், தன் புடவைகளையும் தானே துவைத்துக்கொள்கிறாள் என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. அம்மாவுக்கு மாடம்மாள்மேல் நம்பிக்கை போய்விட்டது என்று அதற்கு அவள் அர்த்தம் எடுத்திருந்தாள்.

கௌசல்யாவே தன் கைப்பையை எடுத்து நீட்டினாள், வேண்டுமானால் இதைப் பாருங்கள் என்று. அதற்குள் கசங்கிய பஸ் டிக்கெட்டுகள். எல்லாம் விழிஞ்ஞத்துக்கு.

“விழிஞ்ஞமா? நான் எதுக்கு அங்க போறேன்?” என்றாள் கௌசல்யா. நயினார் அவள் கண்ணைப் பார்த்தார். பொய் சொல்பவர்கள் டிக்கெட்டைப் பார்த்துப் பயப்படுவார்கள். இவள் டிக்கெட்டைப் பார்த்துக் குழம்பினாள். குழப்பத்துக்குப் பின்னால் பயமும் வந்தது. ஆனால் பிந்தி வந்தது.

வெளியே வந்ததும் ஜெபமலர் ஆரம்பித்தாள். “அண்ணாச்சி, துறைமுகத்துல மாமிக்கு என்ன சோலி? ஒண்ணு மீனு, இல்லேன்னா கப்பலு. மாமி மீன் திங்க மாட்டாங்க.”

“அப்ப கப்பல்தான்னு எழுதிக்கோ.”

பக்கத்து வீட்டு வாசலில் சுந்தரராமன் ஒரு மனத்தாங்கலோடு காத்திருந்தார். நேற்று கௌசல்யா எல்லா வாசலிலும் நின்றாளாம். கடைசி வீடு இவருடையது. இவர் மனைவி விஜயலக்ஷ்மி ஆரத்தித் தட்டோடு நின்றுகொண்டிருக்க, கௌசல்யா திரும்பியும் பார்க்காமல் தாண்டிப் போய்விட்டாளாம். இத்தனை வருஷத்தில் அப்படி நடந்ததே இல்லையாம்.

குற்ற உணர்ச்சி உள்ளவர்கள் கடைசி ஆளின் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்று நயினார் மனத்தில் குறித்துக்கொண்டார். அன்று அவர் செய்த இரண்டாவது தப்பு அது.

கிழக்கேகோட்டையில் பஸ் மாறி விழிஞ்ஞம் போனார்கள். மீன் வாடை, டீசல் வாடை, தூரத்தில் மாடி மாடியாகக் கன்டெய்னர்களை அடுக்கும் கிரேன்கள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் ஒரு நகைக்கடன் கடை இருந்தது. ஜெபமலர் நின்றுவிட்டாள்.

“கேஸ் முடிஞ்சு போச்சு அண்ணாச்சி. ராதைக்குத் தாலி அடகுல இருக்கு. கிருஷ்ணன் வந்து மீட்கட்டும்.”

மலையாளியான கடை மேலாளர் கௌசல்யாவின் போட்டோவைப் பார்த்ததும் தலையாட்டினார். தெரியும். அடிக்கடி வருவாள். ஏ.சி.யில் கொஞ்ச நேரம் உட்காருவாள். நயினார் முன்னால் சாய்ந்தார். என்ன நகை வைத்தாள்?

“நகை ஒண்ணும் இல்ல சாரே. பாத்ரூம் மாத்திரம் கேப்பாங்க. பக்கத்து மெடிக்கல்ல மருந்து வாங்க வர்றவங்க, கேட்டோ.”

நயினார் சாய்ந்தது சாய்ந்தபடியே இருந்தார். தங்கம் நிறைந்த கடைக்குள் வந்து ஒருத்தி கேட்டது கழிப்பறையை.

பக்கத்து மருந்துக்கடையில் சுசீலாபாய் என்ற பெண் தனியாக இருந்தாள். ஜெபமலர், கரமனை மாமி மாத்திரை வாங்கிவரச் சொன்னார்கள் என்று ஒரு பொய்யைப் போட்டாள். சுசீலாபாய் பெட்டியைத் திறக்கப் போனவள் நிமிர்ந்து, “இந்த வாரமே ரெண்டு தடவை வாங்கிப் போனாங்களே, பின்னயுமா?” என்றாள். அதற்குமேல் நடிக்க முடியவில்லை. நயினார் விஷயத்தைச் சொன்னார். ஒரு பெண்ணைப் போலீஸ் கொண்டுபோகப் போகிறது என்று மட்டும் அழுத்திச் சொன்னார்.

சுசீலாபாய் இரண்டு மாத்திரை அட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒன்று இங்கே ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தது. மற்றது நகரத்தில் வேறொரு டாக்டர். பெயர்தான் வேறு, இரண்டும் ஒரே குடும்பத்து மருந்து. சிறுநீர்ப்பை சொன்னபடி கேட்காமல், திடீர் திடீரென்று முட்டிக்கொண்டு வருபவர்களுக்குக் கொடுப்பது. பையை அடக்கும். கூடவே வாயைக் காய வைக்கும், கண்ணை மங்க வைக்கும். வயதானவர்களில் சிலருக்குத் தலைக்குள்ளும் போய் வேலை செய்யும். மறதி, குழப்பம். எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை. ஆனால் இரண்டையும் சேர்த்து, சாப்பிட்டதை மறந்து மறுபடியும் சாப்பிட்டால் ஆகாமல் இருக்குமா?

“நீங்க கேக்கலையா?” என்றார் நயினார்.

சுசீலாபாய் அட்டைகளைத் திரும்ப அடுக்கினாள். “அவங்க தலையைக் குனிஞ்சு வாங்குவாங்க சார். தலை குனிஞ்சு வாங்குறவங்ககிட்ட நான் ஒண்ணும் கேக்குறதில்ல. அது மரியாதைன்னு நினைச்சிருந்தேன்.”

திரும்பும்போது ஆட்டோ பிடித்தார்கள். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. நயினார் ஜெபமலர் பக்கம் திரும்பினார்.

“மாமிக்கு வாய் காயுது. தண்ணியைத் தொடலை. அது ஏன் மலரு?”

“விரதம்னு நினைச்சேன்.”

“மாத்திரை வாயைக் காய வைக்குது. பயம் தண்ணியைத் தள்ளி வைக்குது. நாற்காலி ஏன் பின்கட்டுப் பக்கம்? புடவை ஏன் இருட்டு நிறம்? துணியை ஏன் தானே துவைக்காங்க? பக்கத்துத் தெரு மருந்துக்கடையை விட்டுட்டு ஏன் துறைமுகம்? எல்லாம் ஒரே கேள்வி.”

“பூஜை ரூம்ல வெச்சேன்னு அடிச்சுச் சொல்றாங்களே?”

“வருசா வருசம் வச்சது ஞாபகம் இருக்கு. நேத்து நடந்தது ஞாபகம் இல்ல. பழைய வருசத்தை எடுத்து நேத்து மேல ஒட்டிக்கிட்டாங்க. பொய் இல்ல.”

“அப்ப தாலி எங்கே?”

“அதை சுந்தரராமன் சொல்லுவாரு. தெரியாமலே.”

மடத்து வாசலில் மாடம்மாள் அதே படியில், முழங்கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு, முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலையில் பார்த்தபோது இருந்ததைவிடச் சின்னதாகத் தெரிந்தாள். நேற்று கௌசல்யா வந்தபோது என்ன பார்த்தாய் என்று கேட்டார் நயினார்.

“வெளக்கு வச்ச பொறவு மாமி வாசப்படில தண்ணியா ஊத்துனாக அய்யா. நான் கழுவுதேன்னு போனேன். கிட்ட வராதேன்னாக. பொறவு பின்னாடி போய்ட்டாக. நானும் கெளம்பிட்டேன்.”

டீ வாங்கிவரச் சொல்லட்டுமா என்று கேட்டார். அவள் வேகமாகத் தலையாட்டினாள். “வேண்டாம் அய்யா. குடிச்சா...” அதோடு நிறுத்திக்கொண்டாள். நயினாருக்கு அவசரம். அந்தப் பாதி வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

சுந்தரராமன் கையில் போனோடு உலாவிக்கொண்டிருந்தார். விளக்கு வைத்த பிறகு உங்கள் தெருவில் வாசல் கழுவுவார்களா என்று கேட்டார் நயினார். லக்ஷ்மி உள்ளே வரும் நேரத்தில் யார் கழுவுவார்கள் என்று சுந்தரராமன் சிரித்தார். நயினார் அடுத்ததைக் கேட்டார். மடியாக இருக்கும் ஒருத்தி கையில் சாமி நகை இருக்கிறது. வழியில் அவளுக்கு ஏதோ அசுத்தம் நேர்ந்துவிடுகிறது. பூஜை அறைக்குள் கால் வைக்க முடியாது. நகையை என்ன செய்வாள்?

“தங்கம்தானே? மஞ்சள் போட்ட ஜலத்துல ராத்திரி முழுக்க வெச்சுட்டு, கார்த்தால ஸ்நானம் பண்ணிட்டு எடுத்துக்க வேண்டியதுதான். உள்ள கொண்டு போகப்படாது. ஏன் கேக்கறேள்?”

“பொது அறிவுக்கு.”

வீடு முழுக்கச் சுத்தமான இடங்களாகத் தேடியிருந்தார்கள். பூஜை அறை, பீரோ, அரிசிப்பானை. சுத்தமில்லாத இடம் ஒன்றே ஒன்று பாக்கி.

ஸ்ரீலக்ஷ்மியை மாடிக்கு அனுப்பிவிட்டு, கௌசல்யாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தார் நயினார். சுற்றி வளைக்கவில்லை. சுசீலாபாயின் பெயரைச் சொன்னார், மாத்திரையின் வேலையைச் சொன்னார். ஒவ்வொரு வாசலிலும் நிற்க வேண்டியிருந்ததையும், கடைசி வாசலில் நிற்க முடியாமல் போனதையும் சொன்னார். கௌசல்யா வற்றல் டப்பாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள். பிறகு மூடி கையிலிருந்து விழுந்தது. அவள் எடுக்கவில்லை.

“எனக்குப் புத்தி போறதுன்னு ஸ்ரீலக்ஷ்மி நினைச்சிண்டிருக்கா. நானும் அப்படித்தான் நினைச்சேன்” என்றாள். “இருக்கட்டும்னு விட்டுட்டேன். புத்தி போயிடுத்துன்னா பாவம்னு சொல்லுவா. புடவையில போயிடுத்துன்னா என்ன சொல்லுவா? ராதைக்குத் தாய் வீடுன்னு அப்புறம் யார் இந்தப் படி ஏறுவா?”

மாத்திரையால்தானா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், ஆனால் டாக்டரிடம் மாத்திரையை மறைத்தால் அவர் என்ன சொல்வார் என்றார் நயினார். நீங்களாக நிறுத்த வேண்டாம், எல்லா அட்டையையும் எடுத்துப்போய் அவர் மேசையில் போடுங்கள். இதற்கு வேறு வழிகளும் உண்டாம்.

மாடிப்படியில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஸ்ரீலக்ஷ்மி பாதிப் படிக்குமேல் ஏறவே இல்லை.

கௌசல்யா இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். பெண்ணென்று ஜெபமலர்தான் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் விளிம்பிலிருந்து மூடி போட்ட ஒரு செம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து மூடியைத் திறந்து காட்டினாள். மஞ்சள் தண்ணீரின் அடியில் கட்டைவிரல் நகம் அளவுக்குத் தங்கம் கிடந்தது.

“ராதை குளிச்சிட்டிருக்கா அண்ணாச்சி” என்றாள்.

நயினார் செம்பைப் பார்க்கவில்லை. திறந்த கதவு வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். குளியலறைக் கொடியில் துணிகள் காய்ந்தன. பழைய பருத்திப் புடவையைக் கிழித்தவை. நீளவாக்கில் மூன்றாக மடித்தவை. ஓரத்தில் ஓட்டத் தையல் போட்டவை.

காலையில் அவர் இதே மாதிரித் துணிகளைத்தான் கையால் உதறியிருந்தார். தெருவின் நடுவில், ஆண்கள் பார்க்க, ஒவ்வொன்றாக.

“என்ன அண்ணாச்சி?” என்று கேட்ட ஜெபமலர், அவர் பார்த்த திசையில் பார்த்தாள். காலையில் அவளும் பக்கத்தில்தான் நின்றாள். அதன்பின் அவள் அன்று ஜோக் எதுவும் சொல்லவில்லை.

மடத்து வாசலுக்கு வந்தபோது சுந்தரராமன் போனைக் காதில் வைத்துவிட்டிருந்தார். நயினார் செம்பைக் காட்டியதும் போனைக் கீழே இறக்கினார். கையைத் தலைக்குமேல் குவித்தார். எங்கே கிடைத்தது, எப்படிக் கிடைத்தது என்று எதுவும் வேண்டாம், கிடைத்துவிட்டது, கல்யாணம் நடக்கும், அது போதும் என்றார். மாடம்மாளைப் பார்த்து, நீ போகலாம் என்று கையைக் காட்டினார்.

கூட்டத்தில் ஒரு குரல் தாழ்வாகச் சொன்னது. “பயந்துண்டு திருப்பி வெச்சிருப்பள்.”

தாழ்வாகச் சொன்னாலும் எல்லோருக்கும் கேட்டது. யாரும் மறுக்கவில்லை. ராத்திரிக்குள் அது தெருவின் தீர்ப்பாகிவிடும், நாளைக்குள் அடுத்த தெருவுக்கும் போய்விடும். நயினாருக்கு உண்மை தெரியும். ஆனால் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. இன்னொருத்தியின் பையைத் தெருவில் அவிழ்ப்பது ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். நின்றார்.

பின்னால் கௌசல்யா மெல்ல நடந்து வந்துகொண்டிருந்தாள். மகள் தோளைப் பிடிக்க வந்தபோது விலக்கிவிட்டாள். அந்தக் குரல் அவளுக்கும் கேட்டிருந்தது.

“யாரும் திருப்பி வைக்கலை. நான் வெச்சது” என்றாள். “நேத்து ஆரத்தி வாங்கிண்டு வரச்சே எனக்கு அடக்க முடியலை. சுந்தரராமா, உங்காத்து வாசல்ல வரச்சே புடவை நனைஞ்சு போச்சு. மூத்திரம். அதான் விஜயம்கிட்ட நிக்கலை. அப்படியே பூஜை அறைக்குள்ள போக முடியாம பின்கட்டுல வெச்சேன். வெச்சதை மறந்துட்டேன். கொஞ்ச நாளா அதுக்கு மாத்திரை சாப்பிடறேன். அதையும் மறைச்சேன்.”

தெருவில் நின்ற ஆண்கள் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள்.

“கார்த்தால இவ பையைத் திறக்கச் சொன்னப்போ நான் ஜன்னல்ல நின்னு பார்த்துண்டுதான் இருந்தேன். எனக்கு என்னைப் பத்தியே நிச்சயமில்லை. ஒரு வார்த்தை, என் மறதியா இருக்கும்னு சொல்லியிருக்கலாம். சொல்லலை.”

சுந்தரராமன் உள்ளே போய் மாடம்மாளின் பையையும் சாமான்களையும் கொண்டுவந்து படியில் வைத்தார். மாடம்மாள் அதைத் தொடவில்லை. நயினாரைப் பார்த்தாள்.

“நீங்க எடுத்துப் போட்டத நீங்களே எடுத்து வைங்கய்யா.”

நயினார் குனிந்தார். தூக்குவாளியை வைத்தார். சீப்பை, குடையை வைத்தார். துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவள் மடித்திருந்தபடியே மூன்றாக மடிக்கப் பார்த்தார். கை பழகவில்லை. கோணலாக வந்தது. பிரித்து மறுபடியும் மடித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. உனக்கும் அந்தத் தொந்தரவு உண்டா, டாக்டரிடம் போனாயா என்று நிமிராமலே அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார். அவள் தணித்துச் சொல்லவில்லை.

“எனக்கு நோவு ஒண்ணும் இல்லய்யா. போக எடம் இல்ல. காலைல வீட்ட விட்டுக் கெளம்புனா ராவுக்கு வீட்டுக்குப் போய்த்தான். இந்தத் தெருவுல நான் வேலைக்குப் போற எல்லா வீட்டு கக்கூசையும் கழுவுதேன். ஒரு வீட்டுலயும் போனதில்ல.”

நயினார் கவரைப் பைக்குள் வைத்தார். பையின் வாயை மூடப் போனார். அதற்குள் கௌசல்யா ஒரு கையால் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, பின்கட்டுச் சாவியை அதற்குள் போட்டாள்.

மாடம்மாள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். சாவியை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் கொடுக்கவில்லை. நன்றியும் சொல்லவில்லை. கூட்டம் விலகி வழிவிட, கால்களை ஒட்டி வைத்து, குட்டை குட்டை அடியாக, கௌசல்யாவின் வீட்டுப் பக்கச் சந்துக்குள் வேகமாகப் போனாள்.

காலையிலிருந்து அவளை அந்தப் படியில் உட்கார வைத்திருந்தார்கள். போக வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. நயினாரும் கேட்கவில்லை.